ஒன்பது பேர் வீட்டின் தனியாள்

ஒனெசிம் பார்புலே யாருடனும் கைகுலுக்க மாட்டார். மோன்மார்த்ர் குன்றில் எதிரே வருகிறவர்கள் கையை நீட்டினால் இவர் முழங்கையை நீட்டுவார். பாதிரியாருக்கும் முழங்கைதான், போலீஸ்காரருக்கும் முழங்கைதான். சூடான சூப்புச் சட்டியைத் தூக்க மாட்டார். பூனையைத் தடவ மாட்டார். கதவை இடுப்பால் தள்ளித் திறப்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் திமிர் பிடித்த ஆள் என்று முணுமுணுப்பார்கள். நேரில் கேட்டால் ஒரே பதில்தான்.

“இது என் கை இல்லைங்க. என் பெண்டாட்டி நிக்கிற தரை.”

அது உண்மையும்கூட. குன்றின் அடிவாரத்தில் இருந்த சர்க்கஸில் அவர் கீழாள், அவர் மனைவி லெயோகாதி மேலாள். கீழாள் என்றால் நின்று தாங்குகிறவர். மேலாள் என்றால் அவர் கைமேல் ஏறி நிற்கிறவர். முதலில் இரண்டு உள்ளங்கைகளிலும் ஏற்றி அவளைத் தலைக்கு மேல் தூக்குவார். பிறகு மெல்ல இடது கையை எடுத்துவிடுவார். அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண், வலது உள்ளங்கையில், ஒற்றைக் காலில்! கூரை விளக்குக்குப் பக்கத்தில் அவளுடைய வெள்ளிச் சரிகைப் பாவாடை மட்டும் மின்னும். கூட்டம் மூச்சுவிட மறந்துபோகும்.

கூட்டத்துக்குத் தெரியாத ஒன்று உண்டு. லெயோகாதிக்குப் பதினோரு வயதில் குதிரை ஒன்று இடது காலை மிதித்துவிட்டது. கடைசி இரண்டு விரல்களும் உள்ளே மடங்கிப் போயின. அந்தக் காலைத் தாங்கவேண்டுமானால் கீழாள் தன் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து உயர்த்தி, கட்டை விரலை விரித்து, அந்தப் பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்கவேண்டும். உலகத்தில் வேறு எந்தக் கீழாளும் அப்படிப் பிடிக்க மாட்டான். வேறு யாருக்கும் அப்படிப் பிடித்தால் அந்த மேலாள் தலைகுப்புற விழுவாள்.

ஒனெசிம் பீப்பாய் செய்கிற குடும்பத்துப் பையன். சந்தையில் இரண்டு காலிப் பீப்பாய்களை இரண்டு கையில் ஏந்தி வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தவரை சர்க்கஸ் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதுவரை நான்கு கீழாட்கள் லெயோகாதியின் கோணல் காலைத் தாங்க முடியாமல் கைவிட்டிருந்தார்கள். ஐந்தாவதாக இவர் கையில் ஏறினாள். குதிகாலால் இரண்டு தட்டு தட்டினாள். ‘நான் தயார்’ என்பதற்கு மேலாட்களின் அடையாளம் அது. மேலே போய்ச் சிறிது நேரம் நின்றாள்.

“இந்தத் தரை ஆடலை,” என்றாள்.

மூன்றே மாதத்தில் கல்யாணம்.

பதினான்கு வருஷம் ஓடியது. கரிக்கடைக்கு மேலே இரண்டு அறை. அதில் ஒனெசிம், லெயோகாதி, நான்கு பெண் குழந்தைகள், லெயோகாதியின் இரண்டு தங்கைகள், டிராம்போன் ஊதுகிற தம்பி என்று ஒன்பது பேர். போதாக்குறைக்கு, சர்க்கஸிலிருந்து ஓய்வு பெற்றும் பின்னங்காலில் நடப்பதை விடாத ‘மந்திரி’ என்ற நாய். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவர்களில் முதல் இடம் லெயோகாதிக்கு. அவள் தூக்கத்திலும் பேசுவாள். ஏன், ஒற்றைக் காலில் அந்தரத்தில் நிற்கும்போதே உதடு அசையாமல் பேசுவாள்.

“கரிப் பெட்டியைப் பூட்டினியாய்யா?”

“பூட்டிட்டேன்.”

“போன தடவையும் இப்படித்தான் சொன்னே.”

கீழே உட்கார்ந்திருக்கிற சீமாட்டிகள் அவள் பிரார்த்தனை செய்வதாக நினைத்துச் சிலுவைக் குறி இட்டுக்கொள்வார்கள்.

அந்த வருஷம் எங்கள் குன்றில் ஓவியர்களுக்கு ஒரு நோய் பிடித்திருந்தது. எவரைக் கேட்டாலும் சர்க்கஸ்காரன் வேண்டும் என்றார்கள். அவன் சோகமாக இருக்கவேண்டும், கட்டாயம் தனியாக இருக்கவேண்டும். காட்சி முடிந்ததும் பின்வாசலில் ஏழெட்டு ஓவியர்கள் நின்று, வெளியே வருகிறவர்களின் முகத்தைக் கத்தரிக்காய் பொறுக்குவதுபோலப் பொறுக்குவார்கள். கோமாளி பிலிபெர் இதற்காகவே வீட்டில் கண்ணாடி முன்னால் சோக முகம் பழகினார். பாவம், அவருக்கு அப்போதுதான் சுட்டெடுத்த ரொட்டி மாதிரி உப்பிய முகம். அழுதாலும் சிரிப்பதுபோலத்தான் இருக்கும். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஒனெசிமுக்கோ நீண்ட முகம், தொங்கிய மீசை, கண்ணுக்குக் கீழே பை. தூக்கம் போதாததால் வந்த பை அது. எவாரிஸ்த் என்ற இளம் ஓவியன் அதைப் பார்த்ததும் பாய்ந்து வந்தான்.

“ஐயா, உங்க கண்ணுல ஒரு பாலைவனமே இருக்கு!”

“அது டிராம்போன், தம்பி. எங்க வீட்டுல காலையில அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிடும்.”

எவாரிஸ்தின் அறை குன்றின் உச்சியில், ஆறாவது மாடியில். சாயம் போன கட்டம் போட்ட உடுப்பு ஒன்றை ஒனெசிமுக்கு மாட்டிவிட்டு ஒரு சோப்புப் பெட்டிமேல் உட்காரவைத்தான். பின்னால் வெட்டவெளியைத் தானே வரைந்துகொள்வதாகச் சொன்னான்.

“தலையைக் கொஞ்சம் சாய்ங்க ஐயா. உலகமே உங்களைக் கைவிட்டுடுச்சு.”

“சரி தம்பி.”

“உங்களுக்குன்னு யாருமே இல்லை.”

“ஆஹா!” என்று ஒனெசிமின் வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது.

அந்த அறையில் யாரும் பேசவில்லை. துணியில் தூரிகை உரசும் சத்தம் மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு புறா நடந்தது, அதுகூடப் பேசவில்லை. ஒனெசிம் பதினான்கு வருஷத்தில் முதல்முறையாகத் தன் மூச்சின் சத்தத்தைக் கேட்டார். கண் பாதி மூடியது. முகத்தில் இருந்த தசைகள் ஒவ்வொன்றாகக் கட்டவிழ்ந்து கீழே தொங்கின.

“ஐயோ, என்ன துயரம்!” என்று எவாரிஸ்த் கிசுகிசுத்தான். “அசையாதீங்க. முக்கியமா அந்தக் கையை அசைக்காதீங்க.”

எந்தக் கை, அது என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒனெசிம் பார்க்கவில்லை. அவர் இன்பத்தில் இருந்தார்.

கிளம்பும்போது ஓவியன் காசை நீட்டினான். ஒனெசிம் முழங்கையால் அதைத் தள்ளிவிட்டார்.

“காசெல்லாம் வேண்டாம் தம்பி. வியாழக்கிழமையும் வரட்டுமா?”

ஆறு வியாழக்கிழமை போனார். ஏழாவது வாரம் அந்தப் படம் கீழ்ச் சாலையில் ஓர் ஓவியக் கடையின் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தது. வந்த கையோடு வீட்டில் இடியும் விழுந்தது.

படத்தை முதலில் பார்த்தவள் லெயோகாதியின் தங்கை சிதோனி. ஓடிவந்து அக்காவை இழுத்துப் போனாள். லெயோகாதி ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக்காரரின் பெருமையைப் பார்க்கத்தான் போனாள். கடைக்காரர் நான்கு ஆப்பிள் வரைந்த ஒரு சின்னப் படத்தை அதன் முன்னால் சாய்த்துவைத்திருந்தார். அதனால் ஒனெசிம் நெஞ்சுக்கு மேலே மட்டும்தான் தெரிந்தார். அதுவே போதுமானதாக இருந்தது. சாம்பல் நிற வெளி. மரமில்லை, வீடில்லை, நாயில்லை. அதன் நடுவில் அந்த நீண்ட முகம். கீழே அட்டையில் ‘தனிமை’ என்று எழுதியிருந்தது.

பக்கத்தில் நின்ற தொப்பிக்காரச் சீமாட்டி ஒருத்தி பெருமூச்சு விட்டாள்.

“பாவம், இவனுக்கு ஒரு தட்டு சூப்பு ஊத்திக் கொடுக்கக்கூட நாதியில்லை போல.”

“ரெண்டு தட்டு!” என்று லெயோகாதி சீறினாள். “ரெண்டு தட்டு குடிச்சிட்டுத்தாம்மா காலையில கிளம்பினாரு! வெங்காய சூப்பு! மேல சீஸ் வேற!”

சீமாட்டி குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனாள்.

அன்று மாலை ஒனெசிம் வீட்டுக்குள் இடுப்பால் கதவைத் தள்ளி நுழைந்தபோது எட்டு பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். மந்திரி நான்கு காலில் நின்றிருந்தது. அதிலேயே ஏதோ விபரீதம் என்று அவருக்குப் புரிந்திருக்கவேண்டும்.

“அந்த மூஞ்சியை எங்கய்யா வச்சிருந்தே?” என்றாள் லெயோகாதி. “பதினாலு வருஷத்துல ஒரு நாள்கூட எனக்குக் காட்டலையே. அப்ப என்ன நெனச்சிக்கிட்டு உக்காந்திருந்தே?”

சாமர்த்தியமான ஆள் என்றால் செத்துப்போன அம்மாவை நினைத்தேன் என்றிருப்பான். கீழாட்களுக்குப் பொய் வராது. ஒரு தடவை பொய் சொன்ன கையில் மேலாள் ஏற மாட்டாள் என்று பழகியே வளர்ந்தவர்கள்.

“ஒண்ணுமே நெனைக்கலை லெயோ. நிம்மதியா இருந்தேன்.”

“நிம்மதியா?”

“ஆமா. யாருமே இல்லையா, அதனால...”

அந்த ‘அதனால’ அறையின் நடுவில் விழுந்து கிடந்தது. சிதோனி வாயைப் பொத்திக்கொண்டாள். லெயோகாதியின் கண்களில் நீர் திரண்டது, ஆனால் விழவில்லை. அவள் தொப்பியை மெதுவாகக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

“நல்லது. இனிமே நீங்க நிம்மதியாவே இருங்க.”

பதினான்கு வருஷத்தில் அவள் அவரை ‘நீங்க’ என்றது அதுதான் முதல் தடவை. வாசகர்களே, அடித்திருந்தால்கூட அந்த மனிதருக்கு அவ்வளவு வலித்திருக்காது!

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவள் பேசாததால் தங்கைகள் பேசவில்லை. தம்பி டிராம்போனின் வாயில் ஒரு காலுறையைத் திணித்து மூடினான். குழந்தைகள் ரொட்டி வேண்டும் என்பதைக்கூடச் சைகையில் கேட்டார்கள். மந்திரி சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. சாப்பாட்டு மேஜையில் முட்டைக்கோஸ் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. ஆறு மாடி ஏறிப்போய் அனுபவித்த அதே மௌனம் இப்போது வீடு தேடி வந்திருந்தது. ஒனெசிமுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் சர்க்கஸ் முதலாளியிடம் தங்கையைத் தூது அனுப்பினாள்: “என் பாரம் பிடிக்காத கையில நான் கால் வைக்க மாட்டேன்.”

இதைக் கேட்டு முதலாளி கபெஸ்தான் சிரிக்கவில்லை. மேலாள் மனத்தில் சந்தேகம் இருந்தால் ஏற்றக்கூடாது. ஏற்றினால் பிணம்தான் இறங்கும். அது சர்க்கஸில் எல்லோருக்கும் தெரியும். அவர் ஒனெசிமைக் கூப்பிட்டார்.

“உன் வீட்டுச் சண்டை எனக்கு வேண்டாம். ஞாயித்துக்கிழமை மதியம் அவ உன் கையில நிக்கணும். இல்லேன்னா உங்க இடம் வாத்துங்களுக்கு.”

“எந்த வாத்துங்க முதலாளி?”

“புதுசா வந்திருக்கே, ஏழு வாத்து. கூட்டல் கணக்குப் போடுது. அதுங்களுக்குள்ள சண்டையும் கிடையாது.”

வியாழக்கிழமை கால் தானாகவே அவரை எவாரிஸ்தின் அறைக்கு இழுத்துப் போனது. இன்னொரு படம் தொடங்கலாம் என்று சொல்லியிருந்தான். சோப்புப் பெட்டியில் உட்கார்ந்தார். ஓவியன் முன்னால் வந்து பார்த்தான், பக்கவாட்டில் போய்ப் பார்த்தான், தூரிகையைக் கீழே வைத்தான்.

“என்ன ஐயா ஆச்சு? இன்னிக்குச் சோகமே வரலையே.”

“வரலையா?”

“கெட்டுப்போன சிப்பி தின்ன ஆளு மாதிரி இருக்கீங்க.”

“தம்பி, நெஜமா சொல்றேன், இன்னிக்குத்தான் எனக்கு யாருமே இல்லை.”

“இருக்கலாம் ஐயா. ஆனா படத்துக்கு ஆகாது.”

ஆறு மாடியையும் அவர் இறங்கி முடித்தபோது புறா இன்னும் ஜன்னலில்தான் இருந்தது.

சனிக்கிழமை மதியம் லெயோகாதி சர்க்கஸின் உடுப்பு அறையில் சரிகைப் பாவாடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மேலே ஏறாத பெண்ணுக்குச் சரிகை எதற்கு? கோமாளி பிலிபெர் வந்து எதிரே இருந்த பெட்டியில் உட்கார்ந்தார்.

“உன் ஆளைப் பாத்து எனக்குப் பொறாமையா இருக்கு லெயோ.”

“எதுக்கு? அந்த மூஞ்சிக்கா?”

“இருபது தடவை கண்ணாடி முன்னாடி நின்னேன். ஒருத்தன்கூட என்னை வரையலை.”

“உனக்கென்னய்யா சோகம்? நீ எப்பப் பாத்தாலும் சிரிச்சிக்கிட்டே இருக்கே.”

“என் ரூமுல ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு,” என்றார் பிலிபெர். “ரெண்டாவது எதுக்குன்னு வாங்கலை.”

அவள் ஊசியை நிறுத்தினாள். பிலிபெரின் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கு வேறு எதுவும் தெரியாது. பிறகு அவரே பேச்சை மாற்றினார்.

“அந்த ஆப்பிள் படம் வித்துப்போச்சு, தெரியுமா? இப்ப ஒனெசிமோட முழுப் படமும் தெரியுது. கால்ல பாத்தேன், காலுறை கிழிஞ்சிருக்கு. முழங்காலுக்குக் கீழே பெரிய ஓட்டை.”

“கிழிஞ்சிருக்கா?” லெயோகாதி எழுந்து நின்றாள். “என் வீட்டுக்காரர் காலுறையா? ஊருக்கே தெரியுற மாதிரியா?”

கணவனோடு பேசாமல் இருக்கலாம். அது குடும்ப விஷயம். கணவன் கிழிந்த காலுறையோடு கடைத்தெருவில் உட்கார்ந்திருந்தால் அது மானப் பிரச்சினை. கையில் இருந்த ஊசியோடும் நூலோடும் அப்படியே கிளம்பினாள்.

கடைக்குள் நுழைந்தபோது கடைக்காரர் யாரோ ஒரு கனவானுக்குப் படத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

“முகத்தை விடுங்க ஐயா, அந்தக் கையைப் பாருங்க. முழங்கால்மேல மல்லாந்து கிடக்கு, காலியா. உலகத்துக்கிட்ட பிச்சை கேக்குது. உலகம் ஒண்ணும் போடலை.”

லெயோகாதி முதலில் காலுறையைத்தான் பார்த்தாள். ஓட்டை இருந்தது, ஓவியனே வைத்த ஓட்டை. “அயோக்கியப் பயல்!” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கண்ணை மேலே கொண்டுபோனாள். முழங்கால். அதன்மேல் வலது கை.

கட்டை விரல் விரிந்திருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் படிந்திருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் ஒன்றாகச் சேர்ந்து, ஏதோ ஒரு பள்ளத்துக்கு முட்டுக் கொடுப்பதுபோல உயர்ந்திருந்தன.

அவளுடைய இடது கால் செருப்புக்குள் சிலிர்த்தது.

ஆறாவது மாடியில், யாருமே இல்லாத அறையில், நிம்மதியாகக் கண்மூடிக் கிடந்த மனிதனின் கை அவளை இறக்கிவிடவில்லை! அந்த நேரம் முழுவதும் அவள் அங்கேதான் நின்றிருந்தாள். பேசாமல் நின்றிருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

“பிச்சையா?” என்றாள். குரல் உடைந்தது. “யோவ் கடைக்காரரே, அது பிச்சை கேக்கற கை இல்லைய்யா. அதுல நான் நிக்கிறேன்.”

கடைக்காரர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“எங்கேம்மா நிக்கிறீங்க?”

“நீங்க பாக்கற இடத்துல இல்ல. கொஞ்சம் மேல.”

கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் நின்று திரும்பி, “அந்தக் காலுறைய வரைஞ்சவன்கிட்ட சொல்லித் தைக்கச் சொல்லுங்க!” என்று கத்தவும் மறக்கவில்லை.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. பிரித்த சரிகையை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பத் தைத்தாள்.

ஞாயிறு மதியம். மரத்தூள் வட்டத்துக்குப் பின்னால், திரைக்கு இந்தப் பக்கம், ஒனெசிம் சிவப்பு உடுப்பில் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஏழு வாத்துகளும் வரிசையாக, வெள்ளை வெளேரென்று, தயாராக நின்றிருந்தன. முதலாளி கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். கடிகாரத்தை மூடினார். வாத்துக்காரனுக்குக் கையசைக்கப் போனார்.

“அதுங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “என் பாவாடையைக் கொத்துது.”

சொன்னது முதலாளியிடம். கணவனிடம் இன்னும் ஒரு வார்த்தை இல்லை. அவரைத் தாண்டி நேரே வெளிச்சத்துக்குள் போனாள். ஒனெசிம் பின்னால் ஓடினார். வாத்தியம் முழங்கியது. அவள் ஏறினாள். குதிகாலால் இரண்டு தட்டு. ஒனெசிமின் கை அசையவில்லை. தூக்கினார். தலைக்கு மேல் கொண்டுபோனார். இடது கையை மெல்ல, மெல்ல எடுத்துவிட்டார்.

வலது உள்ளங்கையில் ஒற்றைக் காலில் லெயோகாதி நின்றாள். வாத்தியம் நின்றது. ஆயிரம் பேர் மூச்சை அடக்கினார்கள். அந்த மௌனம் ஒனெசிமின் தலைமேல் கூரை மாதிரி உட்கார்ந்தது. ஏதாவது சொல்லு, எதையாவது சொல்லு என்று அவர் மனம் மன்றாடியது.

மேலேயிருந்து உதடு அசையாத குரல் வந்தது.

“கரிப் பெட்டியைப் பூட்டினியாய்யா?”

அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணீர் கன்னத்தில் வழியாமல் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது.

“இல்ல லெயோ. மறந்துட்டேன்.”

“தெரியும். நான் பூட்டிட்டேன்.”

முன்வரிசைச் சீமாட்டிகள் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்கள்.

வாத்துகளுக்கு அடுத்த மாதம்தான் இடம் கிடைத்தது. அந்தப் படத்தை வடக்கே ஒரு பித்தளைக் குழாய் முதலாளி வாங்கிக்கொண்டு போனார். அது அவருடைய சாப்பாட்டு அறையில் தொங்குவதாகக் கேள்வி. நாதியற்ற ஒனெசிம் தினமும் பன்னிரண்டு பேர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். இங்கே கரிக்கடை மாடியிலும் மேஜையில் கூட்டம் கூடிவிட்டது. ஞாயிறுதோறும் பிலிபெர் வருகிறார், தன் ஒற்றை நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு. ஒரு தடவை அதை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். பிறகு எடுத்துப்போகவே இல்லை.

லெயோகாதி பெரிய மனசு பண்ணி ஓர் ஏற்பாடும் செய்திருக்கிறாள். வியாழக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒனெசிமுக்குத் தனிமை. கரிக்கடைக்காரரின் கிடங்கில் ஒரு மூட்டைமேல் போய் உட்கார்ந்துகொள்ளலாம். யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று எட்டு பேருக்கும் நாய்க்கும் உத்தரவு.

பத்தாவது நிமிஷம் கிடங்குக் கதவு தட்டப்படும்.

“யோவ், தனியாத்தானே இருக்கே?”

“ஆமா.”

“நல்லா இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு.”

பிறகு, “நானும் வரட்டுமா?” என்று கேட்பாள்.

ஒனெசிம் மூட்டையில் சிறிது நகர்ந்து உட்கார்வார். கதவை அவள்தான் திறக்கவேண்டும்.